நாட்செய்தியும் மலைவாய்மொழியும்

வரலாறு என்ற பெயரில் நாம் எதைப் படித்து வந்திருக்கிறோம்? அரசர்களின் பெயர்களையும், அவர்கள் நடத்திய போர்களையும், எழுப்பிய கட்டடங்களையும் படித்து வந்திருக்கிறோம். அந்த அரசரின் காலத்தில் ஒரு வீட்டு அடுப்பில் என்ன வெந்தது, கடைத்திண்ணையில் உட்கார்ந்தவர்கள் எதைப் பற்றி வாதிட்டார்கள், எந்த ஆண்டில் எந்தக் காய்ச்சல் வந்து எத்தனை வீடுகளை இருளாக்கியது என்பவை ஏட்டில் ஏறுவதில்லை. ஏட்டில் ஏறாதவை இரண்டு தலைமுறைக்குள் நடவாதவை ஆகிவிடுகின்றன.

அன்றாட வாழ்வை எழுதி வைப்பது இலக்கியப் பணியாகுமா என்று ஐயுறுவோர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு விடையாக, 1920களைச் சேர்ந்த இரண்டு வாழ்க்கைகளையும், அவற்றைப் பதிவு செய்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுக் காட்ட விரும்புகிறோம். ஒன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து மாணவர் வாழ்க்கை. மற்றொன்று நம் நீலகிரியில் கொல்லிமலைக் கோத்தர்களின் வாழ்க்கை. இவை இரண்டும் எங்ஙனம் பொருந்தும் என்று வாசகர்கள் வியக்க வேண்டாம். இரண்டையும் இணைக்கும் பாலம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் மரே பார்ன்சன் எமனோ.

யேல் என்ற பெயரே நமக்கு முற்றிலும் அயலானதன்று. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்த எலிஹு யேலின் பெயர்தான் அது. கம்பெனி வேலையில் இருந்துகொண்டே சொந்த வாணிகத்திலும் பொருள் குவித்த அவர், 1718இல் அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியில் இருந்த ஒரு சிறு கல்விச்சாலைக்கு ஒன்பது பொதிச் சரக்கும், 417 புத்தகங்களும், மன்னர் முதலாம் ஜார்ஜின் படம் ஒன்றும் அனுப்பினார். சரக்கு விற்ற வகையில் ஏறத்தாழ 562 பவுன் கிடைத்தது. அந்நன்றிக்காகக் கல்விச்சாலை அவருடைய பெயரைச் சூட்டிக்கொண்டது. ஆக, அங்குள்ள கற்சுவர்களின் கணக்கில் நம் கடற்கரையில் ஈட்டிய பொருளும் சிறிது சேர்ந்திருக்கிறது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே நடத்தும் நாளிதழ் ஒன்று 1878இல் தோன்றியது. 'யேல் டெய்லி நியூஸ்' என்பது அதன் பெயர். ஆசிரியர்கள் எழுதிக் கொடுத்ததை மாணவர்கள் அச்சிடும் ஆண்டு மலர் அன்று அது. இருபது வயது இளைஞர்கள் தாமே செய்தி திரட்டி, தாமே தலையங்கம் எழுதி வெளியிட்ட ஏடு. பந்தாட்டத்தின் முடிவு, சொற்போர் மன்றத்தின் தலைப்பு, வெளியூர் அறிஞரின் சொற்பொழிவு, சங்கத் தேர்தல், தையற்கடை விளம்பரம் என்று அன்றாடத்தின் துணுக்குகளெல்லாம் இத்தகைய மாணவர் ஏடுகளில் இடம்பெற்றன. முதல் உலகப் போர் முடிந்து, மதுவிலக்குச் சட்டமும் வானொலியும் மோட்டார் வண்டியும் அமெரிக்க இளைஞர் வாழ்வை ஒருசேரக் கலக்கிய காலம் அது. அந்தக் கலக்கத்தின் நாடித்துடிப்பை அறிய இன்றும் அறிஞர்கள் இந்த மாணவர் ஏடுகளையே நாடுகிறார்கள். அங்கே ஆசிரியர்களாய்ப் பயின்ற பிரிட்டன் ஹேடன், ஹென்றி லூஸ் என்ற இருவர் 1923இல் 'டைம்' வார இதழைத் தொடங்கினார்கள் என்பது, விளையாட்டுப் போல் தொடங்கும் மாணவர் எழுத்து எங்கே சென்று சேரும் என்பதற்குச் சான்று.

அக்காலத்து யேலில் ஒரு பெரிய வாதம் நடந்தது. மாணவர் அனைவரும் தேவாலய வழிபாட்டுக்குக் கட்டாயம் வர வேண்டும் என்ற பழைய விதி நீடிக்க வேண்டுமா என்பதே அவ்வாதம். வழிபாடு உள்ளத்திலிருந்து வர வேண்டும், வருகைப் பதிவேட்டுக்காக வரலாகாது என்றனர் ஒரு சாரார். மரபு குலைந்தால் ஒழுக்கம் குலையும் என்றனர் மறு சாரார். முடிவில் 1926இல் கட்டாயம் நீங்கியது. அந்த முடிவின் நன்மை தீமையை ஆராய்வது இங்கே நம் நோக்கமன்று. ஒரு கூட்டத்தார் தம் வழிபாட்டைப் பற்றித் தமக்குள் வாதிட்டபோது, அவர்கள் கையில் எழுத்தும் அச்சும் இருந்தன என்பதையே நாம் சுட்டுகிறோம்.

இனி நம் மலைக்கு வருவோம். 1920களில் நீலகிரியில் கல்லூரி இல்லை. உதகையில் சல்லிவன் கட்டிய கல் பங்களாவில் இன்று இயங்கும் அரசுக் கலைக் கல்லூரி 1955இல்தான் தோன்றியது. அதற்கு முன்பு கல்லூரிப் படிப்பை நாடிய மலைப் பிள்ளைகள் மேட்டுப்பாளையம் ரயிலில் இறங்கிச் சமவெளிக்குத்தான் போக வேண்டும். நம் சமுதாயத்தவர் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரியைக் கண்டதே 1919இல்தான். எனவே மலையில் நடந்ததை அச்சில் ஏற்றும் மாணவர் ஏடு அங்கே இருந்திருக்க வழியில்லை.

ஆனால் செய்தி இல்லாமலா போயிற்று? 1924இல் கொல்லிமலைக் கோத்தர் ஊரில் விட்டு விட்டு வரும் ஒருவகைக் கொள்ளைக் காய்ச்சல் புகுந்தது. மாண்டவர் பலர். பூசாரிக் குடும்பங்களும் தப்பவில்லை. ஊரே நிலைகுலைந்த அந்நாட்களில், புதிய தெய்வங்களை ஏற்று வழிபட்டால்தான் விமோசனம் உண்டு என்ற குரல் எழுந்தது. பழைய தெய்வங்களே போதும் என்றனர் எதிர்த்தவர்கள். ஊர் இரண்டு பட்டது. அப்பிளவு பல ஆண்டுகள் நீடித்தது.

வாசகர்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். ஏறத்தாழ ஒரே ஆண்டுகளில், பூமியின் இரு கோடிகளில், இரு கூட்டத்தார் வழிபாட்டைப் பற்றி வாதிட்டனர். ஒருவர் வாதத்தை மறுநாட் காலையில் அச்செழுத்தில் படிக்க முடிந்தது. மற்றவர் வாதம் காற்றோடு போயிருக்க வேண்டும். அங்ஙனம் போகாமல் காத்தது மனிதர்களின் நினைவு ஒன்றே. அந்நினைவு ஏடேறுவதற்கும் அதே யேலிலிருந்துதான் ஆட்கள் வர வேண்டியிருந்தது என்பது காலத்தின் விசித்திரம்.

எமனோ 1904இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் பயின்றபின் 1926இல், அதாவது வழிபாட்டுக் கட்டாயம் நீங்கிய அதே ஆண்டில், யேலுக்கு வந்து இலத்தீன் கற்பித்துக்கொண்டே சமஸ்கிருதம் பயின்றார். 1931இல் முனைவரானார். அவ்வாண்டு யேலுக்கு வந்து சேர்ந்த மொழியியல் மேதை எட்வர்டு சபீர் அவரை ஏட்டு மொழியிலிருந்து பேச்சு மொழியின் பக்கம் திருப்பினார். சபீரின் தூண்டுதலால் 1935இல் இந்தியா வந்த எமனோ, 1938 வரை தங்கித் தோடர், கோத்தர், படகர் மொழிகளையும், குடகு, கோலாமி மொழிகளையும் ஆராய்ந்தார். சபீரிடம் பயின்ற மற்றொருவரான டேவிட் மாண்டல்பாம் 1937இல் கோத்தர்களிடையே வந்து அவர்களுடைய சமூக வாழ்வை ஆராய்ந்தார். காய்ச்சலையும் புதிய தெய்வங்களையும் பற்றிய கதையை உலகம் அறிந்தது மாண்டல்பாம் எழுதியதால்தான்.

இவ்விருவருக்கும் ஆசானாக வாய்த்தவர் ஒரு கோத்தர். சுல்லி என்பது அவர் பெயர். பள்ளிப் படிப்பும் ஆங்கிலமும் அறிந்தவர். பள்ளியில் கற்பித்தவர். தம் மக்களின் நீண்ட குடுமி வழக்கத்தைத் துணிந்து விட்டொழித்துத் தலைமயிரைக் கத்தரித்துக்கொண்டதற்காக ஊராரின் பகையைத் தேடிக்கொண்டவர். மாண்டல்பாம் அவரைப் பற்றியே தனிக் கட்டுரை ஒன்று எழுதி, தம் மக்களின் சீர்திருத்தவாதி என்று அவரைக் குறித்தார். சுல்லி சொல்லச் சொல்ல எமனோ எழுதியவையே 1944 முதல் 1946 வரை நான்கு பகுதிகளாகக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் வெளியிட்ட 'கோட்டா டெக்ஸ்ட்ஸ்'. கோத்தர் உரைகள் என்பது அதன் பொருள்.

இந்நூலின் முதற் சிறப்பு, சொன்னவருடைய சொல் சிதையாமல் நிற்பது. 'இம்மக்கள் இவ்வாறு நம்புகிறார்கள், இவ்வாறு உண்கிறார்கள்' என்று அதிகாரியின் குரலில் எழுதிய பழைய மாவட்டக் குறிப்பேடுகளுக்கும் இதற்கும் மலையும் மடுவும் போன்ற வேறுபாடு உண்டு. இங்கே கோத்தர் ஒருவரே பேசுகிறார். பழங்கதையானாலும், வழக்கம் ஒன்றின் விவரமானாலும், அவருடைய மொழியில், அவர் எடுத்த வரிசையில் வருகிறது. மொழிபெயர்ப்பு அதைத் தொடர்ந்து வருகிறது.

இரண்டாவது சிறப்பு, சொன்னவர் யார் என்று தெரிவது. இதன் அருமையை நம் வாசகர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒரு செய்தி வந்தால் அதை அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்று தொடர் பார்த்து ஏற்பதும் தள்ளுவதும் நமக்குப் பழகிய முறை. பெயரில்லாச் செய்திக்கு நாம் எடை தருவதில்லை. 'மலைவாசிகள் கூறுகிறார்கள்' என்று எழுதுவது எளிது. 'இதைச் சொன்னவர் சுல்லி' என்று எழுதுவதே அறிவுலக நேர்மை.

எமனோவின் மற்றொரு பெருநூல் 1971இல் ஆக்ஸ்போர்டிலிருந்து வெளிவந்த 'தோடா சாங்ஸ்'. ஏறத்தாழ ஆயிரம் பக்கமுள்ள அந்நூலைப் புரட்டுகிறவர் ஓர் உண்மையைக் காண்பார். தோடர்களுக்குப் பாட்டு என்பது புலவர் சிலரின் தனிச்சொத்து அன்று. பாட்டுக் கட்டாத தோடர் அரிது. எருமை, மந்து, திருமணம், இழவு, பயணம் என்று வாழ்வில் நேர்வதெல்லாம் அவர்களுக்குப் பாடுபொருள். இணை இணையாக வரும் மரபுத் தொடர்களைக் கொண்டு, நேரே சொல்லாமல் சாடையாகச் சொல்லி, அன்று நடந்ததை அன்றே பாட்டாக்கி விடுகிறார்கள். கேட்பவர்களுக்கும் அத்தொடர்கள் மனப்பாடம் என்பதால் சாடை புரிந்துவிடுகிறது. அச்சு இயந்திரம் இல்லாத மந்தில் பாட்டே செய்தித்தாளாய் இருந்திருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இனிக் குறைகளையும் சொல்ல வேண்டும். பாராட்டு மட்டும் திறனாய்வு ஆகாது.

எமனோ மொழியியலார். மொழியை அறிவதே அவர் குறிக்கோள். வாழ்க்கை அதன் வழியே உடன் வந்தது. ஆதலால் அந்நூல்கள் ஒலிக்குறியீட்டு எழுத்திலும் ஆங்கிலத்திலும் அமைந்து, அறிஞர் மேசைக்கே உரியனவாகிவிட்டன. சுல்லியின் பேரனுக்கு எடுத்த எடுப்பில் அவற்றைப் படிக்க முடியாது. உதகைக் கடைவீதியில் இருக்கும் தமிழனுக்கும் முடியாது. பாட்டைத் தந்தவர்கள் ஒரு பக்கம், பாட்டைப் படிப்பவர்கள் வேறொரு பக்கம் என்ற நிலை எந்தப் பதிவுக்கும் முழுமை தராது.

அடுத்தது, குரல்களின் குறைவு. 'கோட்டா டெக்ஸ்ட்ஸ்' பெரும்பாலும் சுல்லி ஒருவரின் வாய்மொழி. அவர் எத்துணைச் சிறந்த கதைசொல்லியாயினும், சீர்திருத்தக் கட்சியைச் சேர்ந்தவர். அவரை எதிர்த்த பெரியவர் ஒருவர் சொல்லியிருந்தால் அதே நிகழ்ச்சி வேறு முகம் காட்டியிருக்கும். காய்ச்சலில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி சொல்லியிருந்தால் இன்னொரு முகம் காட்டியிருக்கும். அந்த முகங்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

இவ்விடத்தில் யேல் மாணவர் ஏட்டுக்கு ஒரு மேன்மை உண்டென்று ஒப்புக்கொள்ள வேண்டும். அது பல கைகள் எழுதியது. ஆண்டுதோறும் எழுதுவோர் மாறினர். நேற்றைய கருத்தை இன்றைய கடிதம் மறுக்கும். ஆனால் அதற்கும் தன் எல்லை உண்டு. அந்த வளாகத்தில் இளநிலை மாணவராகப் பெண்கள் சேர்ந்தது 1969இல்தான். அதுவரை அது ஆண்களின் உலகம், ஆண்களின் செய்தி. மேலும், யூத மாணவரின் எண்ணிக்கையை ஓர் அளவுக்கு மேல் விடாமல் ஓசையின்றித் தடுத்துவைக்கும் ஏற்பாட்டை 1920களில் யேல் நிர்வாகம் கைக்கொண்டது. அறுபதுகளின் தொடக்கம் வரை அது நீடித்தது. அதன் முழு வரலாறு பின்னாளில் ஆய்வாளர்கள் அலுவலகக் கடிதங்களைத் துருவிய பிறகே வெளிப்பட்டது. எமனோவை நீலகிரிக்கு அனுப்பிய சபீரும் யூதரே. உலகப் புகழ் பெற்ற அப்பேராசிரியரை அங்குள்ள அறிஞர் கழகம் ஒன்று உறுப்பினராக ஏற்க மறுத்தது. ஒதுக்கப்பட்டவரின் வலியை அறிந்த ஒருவர், உலகம் ஒதுக்கிய மொழிகளின் பக்கம் தம் மாணவரைத் திருப்பினார் என்பதை எண்ணுகையில் நம் நெஞ்சு நெகிழ்கிறது.

நாட்செய்தி உடனுக்குடன் எழுதப்படுவது. பலர் குரல் அதில் உண்டு. ஆனால் உரக்கப் பேசப்பட்டது மட்டுமே அதில் ஏறும். வாய்மொழி, காலம் கழித்துச் சொல்லப்படுவது. நினைவு அதைச் சலித்துச் சாரத்தை மட்டும் வைத்திருக்கும். ஆனால் சொல்பவர் ஒருவரானால் அது ஒருவர் கண்ட காட்சியாகவே நிற்கும். ஒன்றின் குறை மற்றொன்றின் நிறை. ஒரு சமுதாயத்துக்கு இரண்டும் தேவை.

எமனோவின் உழைப்பு நமக்கு என்ன தந்தது என்று கேட்போர் உளர். ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் தாமஸ் பர்ரோவுடன் சேர்ந்து 1961இல் அவர் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியைப் பார்க்கச் சொல்வோம். 1984இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. நாம் வீட்டில் பேசும் தமிழ்ச்சொல் ஒன்று அங்கே வரிசையின் முதலில் நிற்கும். அதன் பக்கத்திலேயே கோத்தர் சொல்லும் தோடர் சொல்லும் உடன்பிறந்தாரைப் போல் நிற்கும். எழுத்தில்லாத மக்கள் என்று நாம் இகழ்ந்தவர்களின் சொல், சங்கம் கண்ட தமிழோடு சமமாய் அமர்ந்திருக்கிறது. சுல்லி போன்றோர் பொறுமையாய் உட்கார்ந்து சொன்னதன் பலன் அது. எமனோ 2005இல், 101ஆம் வயதில் மறைந்தார். அவர் எழுதி வைத்த சொற்கள் மறையவில்லை.

இவ்வளவும் பிறரைப் பற்றிய பேச்சு. நம்மைப் பற்றி என்ன? எமனோவின் ஆய்வுப் பொருளில் நீலகிரியின் கடைவீதி இடம்பெறவில்லை. அது அவர் குற்றமன்று. அவர் வந்த வேலை வேறு. தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதியவர், குன்னூரில் மளிகை வைத்தவர், உதகைச் சந்தைக்குத் துணிமூட்டை சுமந்தவர் என்று நம்மவர் எத்தனையோ பேர் அம்மலையில் வாழ்ந்து மடிந்தனர். அவர்களுடைய வாழ்வை எழுத அமெரிக்காவிலிருந்து எவரும் வரப் போவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் குன்னூரில் நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். அவருடைய நன்னா கடை நடத்தியவர். நாள்தோறும் வரவு செலவை எழுதிவிட்டு, பக்கத்தின் ஓரத்தில் அன்றைய செய்தியை அரபுத் தமிழில் குறித்து வைப்பாராம். அந்தப் பேரேடுகளைப் பார்க்கும் ஆவலோடு போனோம். வீட்டில் எவருக்கும் அவ்வெழுத்தைப் படிக்கத் தெரியாததால், வெள்ளையடித்த சமயத்தில் பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டுவிட்டதாக நண்பர் தலைகுனிந்து சொன்னார். பரண் மூலையில் ஒன்று மட்டும் எஞ்சியிருந்தது. கரையான் தின்றது போக மீந்த பக்கத்தைத் தட்டுத் தடுமாறிப் படித்தோம். மழையில் மண் சரிந்து ரயில் வராததையும், அரிசி மூட்டைகள் மேட்டுப்பாளையத்திலேயே தங்கிவிட்டதையும், இருந்த அரிசியை அண்டை வீட்டாருக்கும் பங்கிட்டதையும் அந்தப் பெரியவர் குறித்திருந்தார். அரைப் பக்கம்தான். ஆனால் அந்த அரைப் பக்கத்தில் ஒரு மலையின் பஞ்சமும் ஒரு மனிதரின் உள்ளமும் இருந்தன. எடைக்குப் போனவற்றில் என்னென்ன இருந்தனவோ!

நண்பரை நாம் குறை சொல்லவில்லை. அந்தக் குறை நம் எல்லார் வீட்டிலும் உண்டு. சீறாப்புராணம் தந்த உமறுப்புலவரைப் போற்றுகிறோம். போற்றவும் வேண்டும். ஆயினும் காப்பியம் மட்டுமே இலக்கியம் என்று கருதி, நன்னிமார் பாடிய தாலாட்டையும், அத்தாமார் எழுதிய கடிதத்தையும், கடைப் பேரேட்டின் ஓரக் குறிப்பையும் குப்பையென்று தள்ளி வந்திருக்கிறோம். யேல் மாணவர்கள் தம் பந்தாட்டச் செய்தியை மதித்தார்கள். சுல்லி தம் ஊர்க்கதையை மதித்தார். தன்னை மதிக்காத சமுதாயத்தைப் பற்றி எழுத வேறு எவர் வருவார்?

ஆகவே வாசகப் பெருமக்களிடம் நாம் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. வீட்டில் முதியவர் இருந்தால் அவரருகே ஒரு குறிப்பேட்டுடன் அமருங்கள். ஆண்களிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அடுக்களையில் இருப்பவரிடமும் கேளுங்கள். அவர் சொல்வதை உங்கள் நடைக்கு மாற்றாமல், அவர் சொல்லிலேயே எழுதுங்கள். அடியில் அவர் பெயரையும், ஊரையும், ஆண்டையும் குறியுங்கள். அரபுத் தமிழ் ஏடு எதுவும் பரணில் இருந்தால், படிக்கத் தெரிந்தவர் கிடைக்கும் வரை அதை எடைக்குப் போடாமல் வையுங்கள்.

கொல்லிமலைக்கு எமனோ வந்து சேர்ந்தபோது சுல்லி இருந்தார். நம் வீடுகளில் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். எழுத வேண்டியவர்கள் நாமே.